குளோபல் மாறிகளைப் படிப்படியாக நீக்கிய வரலாறு

முழுதளாவிய நிலை (குளோபல் ஸ்டேட்) என்பது ஒரு கணினி நிரலின் எந்தப் பகுதியும் படிக்கவும் மாற்றவும் கூடிய பொதுத் தரவைக் குறிக்கும். அத்தரவைத் தாங்கும் மாறிகள் முழுதளாவிய மாறிகள் அல்லது குளோபல் மாறிகள் எனப்படுகின்றன. சிறிய நிரல்களில் இவை எழுதுவதற்கு எளிமையானவை. நிரல் வளர்ந்து, பலர் சேர்ந்து எழுதும் அளவுக்குப் பெரிதாகும்போது இவையே பிழைகளுக்கும் வேகக் குறைவுக்கும் காரணமாகின்றன.

உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கும் ஒரு மென்பொருளிலிருந்து இத்தகைய பொது நிலையை நீக்குவது எளிதான வேலை அன்று. லினக்ஸ் கருனியின் 'பெரிய பூட்டு' 1996 இல் நுழைந்து 2011 இல்தான் முழுமையாக வெளியேறியது. பைத்தான் மொழியின் பொதுப் பூட்டை நீக்கும் முயற்சி 1996 இல் தொடங்கி, 2023 இல்தான் ஏற்கப்பட்டது. கிட் மென்பொருளில் அவ்வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இம்மூன்றிலும் ஒரே நடைமுறையைக் காணலாம். மறைந்து கிடக்கும் சார்புகளை முதலில் வெளிப்படையாக்கி, பிறகு அவற்றை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு படியையும் பிறர் மீளாய்வு செய்ய, நீக்கிவந்துள்ளனர்.

விளக்கம்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் 'வரையெல்லை' என்னும் பாடத்தில் உள்ளமை மாறி, முழுதளாவிய மாறி ஆகியவற்றின் வேறுபாட்டைப் படிக்கின்றனர். ஒரு செயற்கூறுக்குள் அறிவிக்கப்படும் மாறி அதற்குள் மட்டுமே செல்லும். வெளியே அறிவிக்கப்படும் மாறியை எல்லாச் செயற்கூறுகளும் அணுகலாம். பாடநூலில் வரும் பத்து வரி நிரலில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பல லட்சம் வரிகள் கொண்ட நிரலில் அதன் விளைவு வேறாக இருக்கும்.

இதற்கு நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையிலிருந்து ஓர் உவமை சொல்லலாம். சாமை, கேழ்வரகு, தினை போன்ற சிறுதானியங்கள் விளையும் அம்மலையில் தானியம் சேமிக்கும் அமைப்புக்குத் தொம்பை என்று பெயர். ஒரு சிற்றூரில் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பொதுத் தொம்பை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். யார் வேண்டுமானாலும் போடலாம், எடுக்கலாம். கணக்கு எழுதும் வழக்கம் இல்லை. காலையில் பத்து மரக்கால் இருந்த சாமை மாலையில் எட்டு மரக்காலாகக் குறைந்தால், எடுத்தவர் யார் என்று அறிய ஊர் முழுவதையும் விசாரிக்க வேண்டும். குளோபல் மாறியில் தவறான மதிப்பு வந்துவிட்டால் நிரலர் படும் பாடும் இதுவே. தவறு எந்த வரியிலும் நடந்திருக்கலாம்.

ஒரே நேரத்தில் இருவர் கைவைத்துக் குழப்பம் வராமல் இருக்க, தொம்பைக்குக் கதவும் ஒரே ஒரு சாவியும் வைக்கலாம். கணினியியலில் இதற்குப் 'பூட்டு' என்று பெயர். குழப்பம் தீரும். ஆனால் ஒருவர் சாமை அளந்து முடிக்கும்வரை, கேழ்வரகு மட்டும் தேவைப்படுபவரும் வாசலில் காத்திருக்க வேண்டும். ஊர் பெரிதாகப் பெரிதாக வரிசையும் நீளும். தானியத்துக்கு ஒரு தொம்பை, அதற்கெனத் தனிச் சாவி என்று பிரிப்பதே தீர்வு. அதற்காகப் பழைய தொம்பையை ஒரே நாளில் இடிக்க முடியாது, ஏனெனில் ஊர் அன்றாடம் உண்பது அதிலிருந்துதான்.

தோற்றம்

தொடக்கக் காலக் கணினிகளில் நினைவகம் மிகக் குறைவு. தரவை ஒரே இடத்தில் வைத்து எல்லோரும் பயன்படுத்துவது சிக்கனமாக இருந்தது. 1958 இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் 2, துணைநிரல்களை அறிமுகப்படுத்தியது. அவை தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ள 'காமன்' என்னும் கூற்றும் அதில் சேர்க்கப்பட்டது. பொது நினைவகப் பகுதி ஒன்றைப் பல துணைநிரல்கள் பங்கிட்டுக்கொள்ள இது வழி செய்தது. 1960 இன் அல்கால் மொழி, தொகுதிக்குள் அடங்கிய உள்ளமை மாறிகளை முறையாக வகுத்தது. ஆயினும் பொது மாறிகளின் பயன்பாடு குறையவில்லை.

1972 இல் டேவிட் பர்னாஸ் ஒரு நிரலைப் பகுதிகளாகப் பிரிப்பது எப்படி என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் மறைத்துவைக்க வேண்டும், பிற பகுதிகள் அதை அறியத் தேவையில்லை என்பது அவர் கருத்து. 1973 இல் வில்லியம் வுல்ஃப், மேரி ஷா ஆகிய இருவரும் குளோபல் மாறி தீங்கானது என்னும் பொருள்படும் தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினர். ஒரு நிரல் பகுதியைப் புரிந்துகொள்ள அதை மட்டும் படித்தால் போதும் என்ற நிலை, குளோபல் மாறிகளால் இல்லாமல் போகிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

சி மொழியின் நூலகத்திலும் இச்சிக்கல் இருந்தது. ஒரு சரத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் 'ஸ்டர்டோக்' என்னும் செயற்கூறு, தான் எதுவரை பிரித்தது என்பதை வெளியே தெரியாத ஒரு பொது இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டு சரங்களை மாறி மாறிப் பிரிக்க முயன்றால் குழப்பம் வரும். ஒரே நிரலில் பல இழைகள் இயங்கத் தொடங்கியபோது இது பெரிய தொல்லையானது. 1995 இன் போசிக்ஸ் இழைத் தரம் 'ஸ்டர்டோக்_ஆர்' என்னும் மாற்று வடிவத்தைக் கொண்டுவந்தது. இதில் நினைவில் வைக்கவேண்டிய இடத்தை அழைப்பவரே கூடுதல் அளபுருவாகக் கொடுக்க வேண்டும். பழைய செயற்கூறு நீக்கப்படவில்லை. புதியதும் பழையதும் அருகருகே இருந்தன. நிரலர்கள் தத்தம் வசதிப்படி மாறிக்கொண்டனர்.

தெராக்-25 விபத்துகள்

பொது மாறிகளால் வரும் பிழை எவ்வளவு கொடியதாக முடியும் என்பதற்குத் தெராக்-25 சான்றாகச் சொல்லப்படுகிறது. இது கனடாவின் அணுசக்தி நிறுவனம் தயாரித்த புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள் இதனால் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவர்களுள் சிலர் உயிரிழந்தனர்.

அதன் மென்பொருளில் பல பணிகள் பொது மாறிகள் வழியாகவே தகவல் பரிமாறிக்கொண்டன. அவற்றுள் ஒன்று ஒரே பைட் அளவுள்ள மாறி. அதன் மதிப்பு சுழியம் அல்லாமல் இருந்தால் கதிரின் பாதையில் உள்ள பாகங்கள் சரியான இடத்தில் உள்ளனவா என்று மென்பொருள் சோதிக்கும். சுழியமாக இருந்தால் சோதனை தேவையில்லை என்று கொள்ளும். மாறிக்கு ஒரு நிலையான மதிப்பைத் தருவதற்குப் பதிலாக, ஒவ்வொரு சுற்றிலும் அதன் மதிப்பு ஒன்று கூட்டப்பட்டது. ஒரு பைட்டில் 255 வரையே அடங்கும். எனவே 256 ஆவது சுற்றில் மதிப்பு மீண்டும் சுழியமாகிச் சோதனை தவிர்க்கப்பட்டது. சரியாக அந்தக் கணத்தில் இயக்குபவர் பொத்தானை அழுத்தியபோது 1987 இன் விபத்து நிகழ்ந்தது. ஒன்று கூட்டுவதற்குப் பதிலாக ஒரு நிலையான மதிப்பை இடுவதே திருத்தமாக அமைந்தது.

மறுசீரமைப்பு என்னும் முறை

ஒரு நிரலின் வெளிப்படையான நடத்தையை மாற்றாமல், அதன் உள்ளமைப்பை மட்டும் சிறு சிறு படிகளாகத் திருத்துவதற்கு மறுசீரமைப்பு (ரீஃபேக்டரிங்) என்று பெயர். 1992 இல் வில்லியம் ஒப்டைக் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இப்பொருளில் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். 1999 இல் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய நூல் இச்சொல்லை நிரலர்களிடையே பரவலாக்கியது.

இம்முறையில் ஒவ்வொரு படியும் சிறியது. ஒவ்வொரு படிக்குப் பிறகும் நிரல் இயங்க வேண்டும். பொது நிலையை நீக்கும் வேலைக்கு இது மிகவும் பொருந்தியது. ஒரு செயற்கூறு குளோபல் மாறியைத் தானே தேடிப் படிக்காமல், அழைப்பவரிடமிருந்து அளபுருவாகப் பெறும்படி மாற்றலாம். அடுத்த படியில் அழைப்பவரையும் அவ்வாறே மாற்றலாம். இப்படி ஒவ்வொரு மட்டமாக மேலே ஏறி, கடைசியில் நிரலின் தொடக்கப் புள்ளியில் மட்டும் அந்தத் தரவு இருக்கும்படி செய்யலாம்.

லினக்ஸின் பெரிய பூட்டு

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருனி (கெர்னல்), இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் முதல் பெரிய சேவையகங்கள் வரை இயங்குகிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸின் அடியிலும் இதுவே உள்ளது. தொடக்கத்தில் இது ஒரே செயலி (பிராசசர்) கொண்ட கணினிகளுக்காக எழுதப்பட்டது. கருனிக்குள் ஒரு நேரத்தில் ஒரு வேலையே நடக்கும் என்ற எண்ணம் நிரல் முழுவதும் ஊடுருவியிருந்தது.

1996 ஜூனில் வந்த 2.0 பதிப்பு பல செயலிகள் கொண்ட கணினிகளையும் ஆதரித்தது. கருனியில் இருந்த எல்லாப் பொதுத் தரவையும் உடனே பாதுகாப்பாக மாற்ற இயலாது என்பதால், கருனி முழுவதற்கும் ஒரே பூட்டு போடப்பட்டது. இதற்குப் 'பெரிய கருனிப் பூட்டு' (பிக் கெர்னல் லாக்) என்று பெயர். இரண்டு செயலிகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றே கருனிக்குள் நுழைய முடியும். ஊரின் ஒரே தொம்பைக்கு ஒரே சாவி என்ற ஏற்பாடு இது.

இப்பூட்டுக்கு இரண்டு விசித்திரமான இயல்புகள் இருந்தன. ஏற்கெனவே பூட்டை வைத்திருப்பவர் அதை மறுபடியும் கேட்டுப் பெறலாம். மேலும், பூட்டை வைத்திருக்கும் வேலை உறக்க நிலைக்குப் போனால் பூட்டு தானாகவே விடுபடும்; விழித்ததும் திரும்பக் கிடைக்கும். சாதாரணப் பூட்டுகள் இவ்வாறு செயல்படுவதில்லை. எனவே இதை எடுத்துவிட்டு வேறொன்றை அதே இடத்தில் வைப்பது எளிதாக இல்லை. எந்த நிரல் வரி எந்தத் தரவைக் காக்க இப்பூட்டை நம்பியிருந்தது என்பதும் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

1999 இல் வந்த 2.2, 2001 இல் வந்த 2.4 ஆகிய பதிப்புகளில் பல பகுதிகளுக்குத் தனித்தனிப் பூட்டுகள் வந்தன. மிகுதியாகப் பயன்படும் வழிகளிலிருந்து பெரிய பூட்டு அகற்றப்பட்டது. அதிகம் கவனிக்கப்படாத சாதன இயக்கிகள், பழைய கோப்பு முறைமைகள் போன்ற மூலைகளில் அது தங்கிவிட்டது.

பெங்களூரிலிருந்து வந்த பங்களிப்பு

லினக்ஸின் பொது நிலையைக் குறைத்ததில் இந்தியப் பொறியாளர்களுக்கும் பங்கு உண்டு. பெங்களூரில் இருந்த ஐபிஎம் நிறுவனத்தின் லினக்ஸ் தொழில்நுட்பக் குழு இதில் குறிப்பிடத்தக்கது.

கோப்பின் பெயரைக் கொண்டு அதன் இருப்பிடத்தைக் கண்டறிய, கருனி ஒரு நினைவுப் பட்டியலைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு முறை கோப்பைத் திறக்கும்போதும் இப்பட்டியல் தேடப்படும். இதற்கும் கணினி முழுவதற்கும் பொதுவான ஒரு பூட்டு இருந்தது. ஐபிஎம்மின் பால் மெக்கென்னி முன்பு சீக்வெண்ட் நிறுவனத்தில் உருவாக்கிய 'ஆர்சியு' என்னும் நுட்பம் 2002 அக்டோபரில் லினக்ஸில் சேர்ந்தது. அதை லினக்ஸுக்கு ஏற்ப எழுதியவர்களுள் பெங்களூர்க் குழுவின் திபங்கர் சர்மாவும் ஒருவர். அவரும் மணீஷ் சோனியும் அந்நுட்பத்தைக் கோப்புப் பெயர்ப் பட்டியலுக்குப் பொருத்தினர். இது 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் இடம்பெற்றது.

ஆர்சியு நுட்பத்தில் படிப்பவர்கள் பூட்டு கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றுபவர் புதிய நகலைத் தயாரித்து, சுட்டியை மட்டும் ஒரே கணத்தில் புதியதற்குத் திருப்புகிறார். பழைய நகலைப் படித்துக்கொண்டிருந்த அனைவரும் முடித்த பிறகே அது அழிக்கப்படும். ஆயினும் பட்டியலை மாற்றுவதற்கு அந்தப் பொதுப் பூட்டு தொடர்ந்து தேவைப்பட்டது. நிக் பிகின் செய்த நீண்ட திருத்தத் தொடருக்குப் பிறகு, 2011 மார்ச்சில் வந்த 2.6.38 பதிப்பில்தான் அது மறைந்தது.

இதே நிறுவனத்தின் இந்தியக் குழு வளர்த்த 'கேபுரோப்ஸ்' என்னும் வசதியிலும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் கருனிக்குள் சோதனைப் புள்ளிகளை இடுவதற்கான இவ்வசதி 2004 இல் 2.6.9 பதிப்பில் சேர்ந்தது. தற்போது எந்தச் சோதனைப் புள்ளி செயல்படுகிறது என்னும் தகவல் கணினி முழுவதற்கும் பொதுவான ஒரே மாறியில் இருந்தது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டுமே சோதனைப் புள்ளியைக் கையாள முடிந்தது. 2005 இல் அனந்த் மாவினகாயனஹள்ளி இத்தகவலைச் செயலிக்கு ஒன்றாகப் பிரித்தார். முதலில் அடிப்படை நிரல் மாற்றப்பட்டது. பிறகு இன்டெல், பவர்பிசி, ஸ்பார்க் முதலிய கட்டமைப்புகளுக்கான பகுதிகள் தனித்தனித் திருத்தங்களாக மாற்றப்பட்டன. அதன் பின்னரே பொதுப் பூட்டின் இடத்தில் ஆர்சியு வைக்கப்பட்டது. தரவைப் பிரித்த பிறகு பூட்டை எடுத்ததே இவ்வரிசையின் சிறப்பு. மாற்றி எடுத்திருந்தால் இரண்டு செயலிகள் ஒரே மாறியை ஒரே நேரத்தில் திருத்தியிருக்கும்.

பூட்டைக் கீழே தள்ளுதல்

பெரிய பூட்டை நீக்குவதில் 'கீழே தள்ளுதல்' என்ற உத்தி முக்கியமானது. ஒரு சாதனத்துக்கான கட்டளையை நிறைவேற்றும்போது, கருனியின் மையப் பகுதியே பெரிய பூட்டைப் போட்டுவிட்டுச் சாதன இயக்கியை அழைத்துவந்தது. பூட்டு போடப்பட்டிருப்பது இயக்கியின் நிரலைப் படிப்பவருக்குத் தெரியாது. 2005 இல் வந்த 2.6.11 பதிப்பு, பூட்டு இல்லாமல் அழைக்கும் புதிய வழி ஒன்றைச் சேர்த்தது. இயக்கியை எழுதியவர் இவ்வழிக்கு மாறலாம். பூட்டு இன்னும் தேவை என்று கருதினால், அதைத் தன் நிரலுக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் எந்த ஆதாயமும் இல்லை, ஏனெனில் பூட்டு இடம் மாறியதே தவிர நீங்கவில்லை. ஆனால் அது இப்போது கண்ணுக்குத் தெரியும் வரியாகிவிட்டது. அந்த இயக்கியை அறிந்தவர் அவ்வரியைப் பார்த்து, 'இது எந்தத் தரவைக் காக்கிறது?' என்று கேட்க முடிந்தது. 2008 இல் ஜொனாதன் கார்பெட் எழுத்துருச் சாதனங்களைத் திறக்கும் வழியிலும் இவ்வாறே செய்தார். ஒவ்வோர் இயக்கியையும் படித்து, தேவைப்பட்ட இடங்களில் பூட்டை உள்ளே தள்ளினார். இது 2.6.27 பதிப்பில் வெளிவந்தது.

அதே 2008 இல் ஒரு பின்னடைவும் நேர்ந்தது. 2.6.26 பதிப்பு உருவாகிக்கொண்டிருந்தபோது, பெரிய பூட்டு சார்ந்திருந்த மற்றொரு அடிப்படைப் பகுதி எளிமையாகத் திருத்தி எழுதப்பட்டது. தனித்துப் பார்க்கையில் அது நல்ல திருத்தம். ஆனால் ஏஐஎம்7 என்னும் வேகச் சோதனையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் வேகம் குறைந்தது. டோர்வால்ட்ஸ் பெரிய பூட்டைப் பழைய, சுழன்று காத்திருக்கும் வகைக்கே மாற்றிவிட்டார். ஒரு மூலையில் கிடப்பதாக எண்ணப்பட்ட பூட்டு இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்பது அப்போது தெரியவந்தது. இதைத் தொடர்ந்து இங்கோ மோல்னார் பெரிய பூட்டை அடியோடு நீக்குவதற்கென்றே தனி நிரல் கிளையைத் தொடங்கினார்.

இறுதிக் கட்டம்

2010 பிப்ரவரியில் வந்த 2.6.33 பதிப்பில் ஃபிரெடரிக் வைஸ்பெக்கர், ரெய்சர் கோப்பு முறைமை பெரிய பூட்டை நம்பியிருந்த நிலையை மாற்றினார். அக்கோப்பு முறைமைக்கு மட்டும் உரிய தனிப் பூட்டை அமைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் 2.6.36 பதிப்பு வந்தபோது, பூட்டுடன் இயக்கியை அழைக்கும் பழைய வழி மூடப்பட்டது. புதிய வழி திறந்து ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகே, யாரும் பழையதைப் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு இது நடந்தது.

எஞ்சிய பகுதிகளை அர்ன்ட் பெர்க்மன் ஒருங்கிணைத்து முடித்தார். 2011 ஜனவரியின் 2.6.37 பதிப்பில் பெரிய பூட்டு இல்லாமலேயே கருனியைத் தொகுக்க முடிந்தது. அதை இன்னும் நம்பியிருந்த சில பழைய பகுதிகளை வேண்டுவோர் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். 2011 மே மாதம் வெளிவந்த 2.6.39 பதிப்பில் அது முழுமையாக நீங்கியது. இந்த 15 ஆண்டுகளிலும் ஒவ்வொரு பதிப்பும் பயன்பாட்டில் இருந்தது. வேலை நடப்பதற்காகக் கருனி ஒரு நாளும் மூடிவைக்கப்படவில்லை.

கிட் மென்பொருள்

நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளை 2005 இல் டோர்வால்ட்ஸே தொடங்கினார். அது சிறிய கட்டளைகளின் தொகுப்பாகப் பிறந்தது. ஒவ்வொரு கட்டளையும் ஒரு களஞ்சியத்தைத் திறந்து, வேலையை முடித்து, நின்றுவிடும். ஆகவே 'தற்போதைய களஞ்சியம்' என்பதைக் குளோபல் மாறிகளில் வைத்தது அன்று பொருத்தமாகவே இருந்தது. ஒரு களஞ்சியத்துக்குள் இன்னொரு களஞ்சியம் இருக்கும் நிலை வந்தபோது, ஒரே நேரத்தில் இரண்டைக் கையாள முடியாமல் தனிச் செயலாக்கம் ஒன்றைத் தொடங்கவேண்டியிருந்தது.

2017 இல் 2.14 பதிப்பில் களஞ்சியத்தின் தகவல்களைத் தாங்கும் கட்டமைப்பு ஒன்று அறிமுகமானது. அதன் பின் செயற்கூறுகள் ஒவ்வொன்றாக, களஞ்சியத்தை அளபுருவாகப் பெறும்படி மாற்றப்படுகின்றன. 2024 இல் 2.46 பதிப்பில் மேலும் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. பழைய குளோபல் மாறியைப் பயன்படுத்த விரும்பும் ஒவ்வொரு நிரல் கோப்பும், தன் தலைப்பிலேயே அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அறிவிப்பு இல்லாவிட்டால் அந்த மாறியை அணுகவே முடியாது. இதனால் மாற்றவேண்டிய கோப்புகள் எத்தனை மீதம் உள்ளன என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம். சுத்தமான கோப்பில் பழைய பழக்கம் அறியாமல் மீண்டும் நுழைவதும் தடுக்கப்படுகிறது.

பைத்தான் மொழி

பைத்தான் மொழியின் பொது மொழிமாற்றிப் பூட்டு (கில்) ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே பைத்தான் நிரலை இயக்க அனுமதிக்கிறது. 1996 இல் கிரெக் ஸ்டைன் பைத்தான் 1.4 பதிப்பிலிருந்து இப்பூட்டை நீக்கிக் காட்டினார். ஆனால் ஒரே இழையில் இயங்கும் சாதாரண நிரல்களின் வேகம் வெகுவாகக் குறைந்ததால் அம்மாற்றம் ஏற்கப்படவில்லை.

அடுத்த முயற்சிகள் சிறு படிகளாக அமைந்தன. மொழிமாற்றியின் பல கோப்புகளில் சிதறிக் கிடந்த குளோபல் மாறிகள் ஒரே கட்டமைப்புக்குள் திரட்டப்பட்டன. பிறகு அவை மொழிமாற்றிக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டன. எரிக் ஸ்னோ பல ஆண்டுகள் செய்த இவ்வேலையின் பயனாக, 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில் ஒவ்வொரு துணை மொழிமாற்றிக்கும் தனிப் பூட்டு கிடைத்தது. சாம் கிராஸ் முன்வைத்த, பூட்டை முற்றிலும் நீக்கும் திட்டம் அதே மாதத்தில் ஏற்கப்பட்டது. 2024 அக்டோபரின் 3.13 பதிப்பில் பூட்டில்லாத வடிவம் சோதனை நிலையில் வெளிவந்தது. 2025 அக்டோபரின் 3.14 பதிப்பில் அது அதிகாரப்பூர்வ ஆதரவு பெற்ற விருப்ப வடிவமானது. பூட்டுள்ள வழக்கமான வடிவமும் அதனுடன் தொடர்கிறது.

மீளாய்வில் கவனிக்கப்படுபவை

இத்தகைய திட்டங்களில் ஒருவர் அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தையும் பிறர் படித்துப் பார்த்த பிறகே ஏற்கின்றனர். மறுசீரமைப்புத் திருத்தத்தால் புதிய வசதி எதுவும் கிடைப்பதில்லை. பழையது கெட்டுவிடும் அபாயம் மட்டும் உண்டு. எனவே மீளாய்வாளரின் பொறுப்பு அதிகம். பொதுவாகக் கவனிக்கப்படுபவை வருமாறு:

1. ஒரு திருத்தம் ஒரு வேலையை மட்டும் செய்ய வேண்டும். அளபுரு சேர்ப்பது ஒரு திருத்தம் என்றால், பெயர் மாற்றுவது வேறொரு திருத்தம். இரண்டும் கலந்தால் நடத்தையில் நேர்ந்த மாற்றம் கண்ணில் படாமல் போகும்.

2. தொடரின் நடுவில் எங்கு நிறுத்தினாலும் நிரல் தொகுக்கப்பட்டு இயங்க வேண்டும். பின்னாளில் பிழை தெரியவந்தால், எந்தத் திருத்தத்தில் அது நுழைந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவதற்கு இது அவசியம்.

3. குளோபல் மாறி எப்போதும் ஏதோ ஒரு மதிப்புடன் இருந்திருக்கும். அளபுருவாக வரும்போது அது வெறுமையாகவும் இருக்கலாம். களஞ்சியத்துக்கு வெளியே ஒரு கிட் கட்டளையை இயக்கினால் என்ன ஆகும் என்பது இத்தகைய கேள்வி.

4. மாற்றம் நடக்கும் காலத்தில் ஒரே தகவல் பழைய மாறியிலும் புதிய கட்டமைப்பிலும் இருக்க நேரலாம். ஒன்றைத் திருத்தி மற்றொன்றை விட்டுவிட்டால் பிழை தோன்றும்.

5. இந்தப் படியால் வேகம் குறைகிறதா என்பதை அளந்து பார்க்க வேண்டும். 2008 இன் லினக்ஸ் அனுபவம் இதை உணர்த்துகிறது.

மதிப்பீடு

பொது நிலையைத் தொடக்கத்தில் பயன்படுத்தியவர்களைத் திறமையற்றவர்கள் என்று கருத முடியாது. ஒரே செயலி இருந்த காலத்தில் லினக்ஸின் அமைப்பும், ஒரு கட்டளைக்கு ஒரு களஞ்சியம் என்றிருந்த காலத்தில் கிட்டின் அமைப்பும் பொருத்தமானவையே. பெரிய பூட்டு இல்லாதிருந்தால் 1996 இல் பல செயலிகளுக்கான லினக்ஸ் வெளிவந்திருக்காது. சூழல் மாறியபோது பழைய எளிமை சுமையாக மாறியது.

அச்சுமையை இறக்கியவர்கள் அதை எத்தனையோ சிறிய திருத்தங்களாகப் பிரித்துக்கொண்டனர். ஒவ்வொன்றும் ஒருவர் உட்கார்ந்து முழுமையாகப் படித்துச் சரிபார்க்கக்கூடிய அளவில் இருந்தது. எந்தச் செயற்கூறு எந்தத் தரவை நம்பியிருக்கிறது என்பது முதலில் எழுத்தில் வந்தது. எழுத்தில் வந்தவற்றுள் தேவையற்றவை பின்னர் நீக்கப்பட்டன. கொல்லிமலைத் தொம்பை உவமையில் சொன்னால், முதலில் கணக்கு எழுதத் தொடங்கினர். பிறகு ஒவ்வொரு தானியமாகப் புதிய தொம்பைக்கு மாற்றினர். பழைய தொம்பை வெறுமையானதை உறுதி செய்துகொண்ட பின்னரே அதை இடித்தனர். அதுவரை ஊரில் ஒரு வேளைச் சமையலும் நிற்கவில்லை.